ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான்

ஏற்காடு மலையில் இருக்கும் வாழவந்தியில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களில் பாதிப் பேருடைய கண் முதலில் போவது கோயிலுக்கு எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரத்தடிக்குத்தான். அங்கேதான் மனுவேல் ஆட்டுக்கறி போடுவார். திங்கள் முதல் சனி வரை அவருக்கு எஸ்டேட்டில் வேலை. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கத்தி மட்டும் மாறும்.

"ஆறு நாள் மரத்த வெட்டறேன். ஏழாம் நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்குதுங்களே, அதனால ஆட்ட வெட்டறேன்" என்பார். இது பங்குச் சாமியார் காதுக்கும் போயிருக்கிறது. அவரும் ஈரல் வாங்குகிறவர் என்பதால் அது பிரசங்கத்தில் வரவில்லை.

மனுவேலுக்கு ஊரில் இருந்த மரியாதை கறியால் வந்ததல்ல, சுவரொட்டியால் வந்தது. சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். உள்ளங்கையை விடக் கொஞ்சம் சிறிதாக, தட்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்கிறார்கள். வாழவந்தியில் யாரும் எறிந்து பார்த்ததில்லை. அந்த அளவுக்கு மிஞ்சியதே கிடையாது. ரத்தம் குறைந்தவர்களுக்கு அதை அனலில் வாட்டி, மிளகும் உப்பும் தூவிக் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பது ஊரின் உறுதியான கருத்து. சிக்கல் ஒன்றே ஒன்று. ஆட்டுக்குக் கால் நான்கு, காது இரண்டு, குண்டிக்காய்கூட இரண்டு. சுவரொட்டி மட்டும் ஒன்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, மூடுபனி அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிற நாட்களில்தான் இந்தச் சிக்கல் முற்றும். குழந்தைகள் வரிசையாகச் சளி, இருமல், காய்ச்சல் என்று படுப்பார்கள். ஏற்காடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்கு மருந்து தர்றோம். ரத்தமும் கம்மியா இருக்கு, காய்ச்சல் விட்டப்புறம் மறுபடி கூட்டிட்டு வாங்க" என்பார்கள். இதில் நடுவில் உள்ள மூன்று சொற்கள் மட்டும் பஸ்ஸில் பத்திரமாக ஊர் வந்து சேரும். தாய்மார்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மனுவேல் வீட்டுக்குப் போவார்கள்.

மறுநாள் வெட்டப் போகும் கிடா சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக் கொய்யா மரத்தில் கட்டியிருக்கும். வருகிறவர்கள் அதன் முகத்தைப் பார்த்தே, "ஏனுங்க, இதோட சுவரொட்டி எனக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கிடா அதைக் கேட்டுக்கொண்டே இலையை மெல்லும். இப்படி ஒரே சுவரொட்டியை நாலைந்து பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிறு காலையில் மனுவேல் நீதி வழங்குவார். எந்தக் குழந்தை எவ்வளவு வெளுத்திருக்கிறது, யார் போன வாரம் வாங்கியது, யார் தன்னை எப்போது திட்டியது, எல்லாவற்றையும் சீர்தூக்கி முடிவு சொல்வார். வாங்குகிறவருக்குக் கூடவே இலவசமாக ஒரு வைத்தியமும் உண்டு.

"அந்த வாடைக்குக் கொழந்த மூஞ்சியத் திருப்பிக்குமுங்க. ஒரு டம்ளர் கடுங்காப்பி போட்டுக் கையில குடுத்துருங்க. ஒரு கடி, ஒரு மொடக்கு. டானிக்கும் அப்படித்தான், காப்பியில ஊத்துனா ஒண்ணுந் தெரியாது."

இதில் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த மலையில் காப்பியைச் சந்தேகிப்பது தண்ணீரைச் சந்தேகிப்பது மாதிரி. எஸ்டேட் குடும்பங்களில் குழந்தைக்குப் பல் முளைத்ததும் பன்னைக் காப்பியில் நனைத்து வாயில் வைப்பார்கள். தலைவலி, வயிற்றுவலி, மழையில் நனைந்தது, பரீட்சையில் தேறாதது, எல்லாவற்றுக்கும் கடுங்காப்பிதான். மாத்திரையை விழுங்குவதும் அதில்தான்.

சுவரொட்டிக்கு நோய் இல்லாத வாடிக்கையாளர் ஒருவரும் உண்டு. எஸ்டேட் ரைட்டர் அங்கப்பன். வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுகிறவர், பிந்தி வந்தால் பார்க்காத மாதிரி இருக்கக்கூடியவர். அவர் வீட்டில் யாருக்கும் ரத்தம் குறைந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு சுவரொட்டி அவருக்குப் போய்விடும். "ரைட்டருக்கு எழுதி எழுதி ரத்தம் வத்திப் போவுதுங்க" என்று மனுவேல் வரிசையில் நிற்பவர்களுக்கு விளக்கம் சொல்வார்.

இப்படி ஊருக்கே ரத்தம் ஊற வைத்துக்கொண்டிருந்தவரின் மகள் ஃபெபிக்குத்தான் அந்த மழையில் காய்ச்சல் வந்தது.

ஃபெபி ஒன்றாம் வகுப்பு. முதலில் வெறும் சளி என்றார்கள். கடுங்காப்பியில் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் மூச்சு விடும்போது விலா உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. மனுவேலின் மனைவி ஜெயமேரி அதைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"ஏனுங்க, போதுமுங்க உங்க சுக்குக் காப்பி. புள்ளயத் தூக்குங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் புவனா இருந்தார். சேலத்துக்காரர், மலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் கண்ணின் கீழிமையை மெதுவாக இழுத்தார்.

மனுவேல் கிட்டே வந்தார். அந்த விரல் வேலை அவருக்குத் தெரியும். ஆடு வாங்கப் போகும்போதெல்லாம் அவர் செய்வதே அதுதான். கீழிமையை இழுத்துப் பார்ப்பார். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தால் விலை பேசுவார். வெளுத்திருந்தால், "பூச்சி தின்ன ஆடுங்க, நமக்கு வேண்டாம்" என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். செம்மநத்தம், தலைச்சோலை என்று சுற்றுவட்டாரத்தில் அவர் இமை பார்க்காத வெள்ளாடு இல்லை. மகளின் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போது டாக்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கயிற்றைத் திருப்பிக் கொடுக்கிற நிறத்தில் இருந்தது.

நுரையீரலில் தொற்று என்று சேர்த்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு என்று வந்தது. அவள் வயதுக்குப் பதினொன்றரையாவது இருக்க வேண்டுமாம். மனுவேல் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"எடுத்துக்கோங்கம்மா. எத்தன பாட்டில் வேணுமோ."

"கைய எறக்குங்க அண்ணா. இப்ப ரத்தம் ஏத்தற அளவுக்கு இல்ல. மொதல்ல தொற்று அடங்கட்டும்."

"அப்ப இரும்புச் சத்து டானிக்காவது ஊத்துங்க."

"அதுவும் இப்ப வேண்டாம்."

மனுவேலுக்குக் கோபம் வந்தது. ரத்தம் இல்லை என்று சொல்வது, ரத்தம் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பது, டானிக் கேட்டால் அதுவும் வேண்டாம் என்பது. இவர் கடைக்கு ஒருவர் வந்து, பசிக்கிறது, ஆனால் கறியும் வேண்டாம் எலும்பும் வேண்டாம் என்றால் இவர் என்ன சொல்வாரோ அதைச் சொல்ல வாயைத் திறந்தார். ஜெயமேரி முழங்கையால் இடித்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டார். "நீங்க என்ன வேல பண்றீங்க?"

"கறிக்கடைங்க. ஞாயித்துக்கெழமைல."

"கறிய வெளிய தொங்கவிட்டிருக்கீங்க. தெருநாய் நாலஞ்சு வந்து நிக்குது. என்ன பண்ணுவீங்க?"

"உள்ள எடுத்து வெச்சிருவனுங்க."

"உடம்பும் அதத்தான் பண்ணுது. கிருமி உள்ள வந்துட்டா அதுக்கு இரும்பு கெடச்சிரக் கூடாதுன்னு இருக்கறத எடுத்துப் பூட்டி வெச்சிரும். அதுலயும் கொஞ்சம் ரத்தம் கொறையும். இப்ப நீங்க வெளிய இருந்து ஊத்தினாலும் உடம்பு வாங்காது. நாய் போகட்டும், அப்புறம் குடுக்கலாம். ஆனா பாப்பாவுக்குக் காய்ச்சலுக்கு முன்னாடியே கொறச்சலாத்தான் இருந்திருக்கும்னு தோணுது."

நாய் கதை மனுவேலுக்குப் புரிந்தது. கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. ஆட்டுக்கறி போடுகிறவன் மகளுக்குக் காய்ச்சலுக்கு முன்பே ரத்தம் இல்லை என்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேறொருவர் மகளாக இருந்தால் அவரே பேசியிருப்பார்.

ஃபெபிக்கு மூச்சு சீரானது, காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் நன்றாகத் தெளிந்த பிறகு எப்போதிலிருந்து டானிக் ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு ஜெயமேரியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தடவ தாங்கிட்டா. இதே ரத்தத்தோட அடுத்த காய்ச்சல் வந்தா கஷ்டப்படுவா. அப்ப சேலத்துக்கு அனுப்பி ரத்தம் ஏத்த வேண்டி வரும். அதுக்குள்ள டானிக்கு, சாப்பாட்டுலயே ரத்தத்தக் கூட்டிரணும்."

அதுக்குள்ள. அந்தச் சொல்லை மனுவேல் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த காய்ச்சல் எப்போது என்று யாருக்குத் தெரியும்? ஜன்னலுக்கு வெளியே கொண்டை ஊசி வளைவெல்லாம் மூடுபனி. பின் சீட்டில் யாரோ இருமினார்கள். மனுவேல் துண்டை எடுத்து மகளின் முகத்தை மூடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் சுவரொட்டி இல்லை.

"என்னங்க இது, நேத்து ஆட்டுக்கிட்டச் சொல்லிட்டுப் போனனுங்களே?" என்றாள் பழனியம்மாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். அவள் பையனுக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது.

"ஆடு எங்கிட்டச் சொல்லலீங்க."

"அதுக்கு வாயிருந்தா உங்களப் பத்தி நொம்பச் சொல்லியிருக்கும். எங்கீங்க சுவரொட்டி?"

"எம் புள்ளைக்குங்க."

வரிசையில் தலைகள் திரும்பின. பிறகு யாரோ பின்னாலிருந்து, "கறிக்கடைக்காரரு புள்ளைக்கே ரத்தமில்லையாமா?" என்று, கேட்க வேண்டும் என்றே மெதுவாகச் சொன்னார்கள். மனுவேல் ஒரு தொடை எலும்பை ஒரே வெட்டில் இரண்டாக்கினார். அங்கப்பன் மட்டும் கிட்டே வந்து, "எனக்குமா இல்ல?" என்றார். "நீங்க ஒரு மாசம் எழுதறதக் கொறச்சுக்கோங்க" என்றார் மனுவேல். மறுநாள் அவர் மரமேறப் பிந்தி வந்ததை ரைட்டர் பார்க்கத் தவறவில்லை.

ஆறு வாரம் மனுவேல் வீட்டில் போர்க்கால நடவடிக்கை. ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி, தினமும் டானிக். இரண்டையும் அவரே தன் கையால் செய்தார். டானிக் வாயில் பட்டதும் ஃபெபி துப்பினாள். ஆணியை நக்கின மாதிரி இருக்கிறது என்றாள். மனுவேல் ஊருக்குச் சொன்ன வைத்தியத்தைத் தன் வீட்டில் செய்யாமல் இருப்பாரா? காலையில் வெல்லம் போட்ட கடுங்காப்பியில் டானிக்கை ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். மடமடவென்று குடித்துவிட்டாள். சுவரொட்டியைத் தட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டு பளபளவென்று காலியாக இருக்கும். பாட்டில் தீர்ந்தது, அடுத்ததும் தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மனுவேல் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டார்.

நம்பர் எட்டு புள்ளி ஒன்று.

டாக்டர் புவனா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடையில் காய்ச்சல் வந்ததா? இல்லை. டானிக் தவறியதா? ஒரு நாள்கூட இல்லை. பூச்சி மாத்திரை? போட்டாயிற்று. டாக்டர் மேஜையில் இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் காப்பி குடித்தார். மனுவேல் அதைப் பார்த்து மலர்ந்தார்.

"அதே மாதிரிதானுங்க நானும் குடுக்கறது."

"எது மாதிரி?"

"காப்பியில ஊத்திங்க. ஒரு சொட்டு வீணாவாது. ஊர்ல எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தது."

டாக்டர் டம்ளரை மேஜையில் வைத்தார். வைத்து, கொஞ்சம் தள்ளியும் வைத்தார். தான் எத்தனையோ கேள்வி கேட்டும் இந்த ஒன்றைக் கேட்காமல் விட்டோமே என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"அண்ணா, காப்பியில இருக்கற சத்து அந்த இரும்பக் கெட்டியாப் புடிச்சுக்கும். உடம்புக்குள்ள போக விடாது. அப்படியே வந்த வழியே வெளிய கூட்டிட்டுப் போயிரும். டீயும் அப்படித்தான். நீங்க ஊத்தினதுல பாதிக்கு மேல பாப்பாவுக்குச் சேந்திருக்காது."

மனுவேல் தள்ளி வைத்த டம்ளரையே பார்த்தார். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த சொந்தக்காரன் ஒருவன் திருடன் என்று போலீஸ் வந்து சொன்ன மாதிரி இருந்தது.

"சரிங்க, டானிக்கு போச்சு. சுவரொட்டி இருக்குதுங்களே? வாரா வாரம் தின்னாளுங்களே?"

டாக்டர் ஃபெபியின் பக்கம் குனிந்தார். "என்ன கண்ணு, சுவரொட்டி நல்லா இருந்துச்சா?"

ஃபெபி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு டாக்டரே பாதுகாப்பு என்று முடிவு செய்தாள்.

"டாமிக்கு நொம்பப் புடிக்கும்" என்றாள்.

டாமி அவர்கள் வீட்டு நாய். சில வாரமாகவே அதன் உடம்பில் ஒரு மினுமினுப்பு ஏறியிருந்ததை ஜெயமேரி கவனித்திருந்தாள். குளிர் காலத்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஏற்காடு மலையிலேயே ஹீமோகுளோபின் அதிகமுள்ள பிராணி இப்போது அதுதான் என்பதில் சந்தேகமில்லை.

ஜெயமேரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாகவும் ஆனது. "ஆறு வாரமுங்க" என்றாள். அடுத்த காய்ச்சலுக்கு முன்னால் கிடைத்த ஆறு வாரம் நாய்க்கும் காப்பிக்கும் போய்விட்டது. டாக்டர் சமாதானம் சொன்னார். சுவரொட்டிதான் வேண்டும் என்றில்லை, எந்தக் கறியும் நல்லதுதான், முட்டை, கீரை, கடலை எல்லாம் கொடுக்கலாம். டானிக்கைச் சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் வயிற்றில், ஆரஞ்சுச் சாற்றோடு கொடுக்க வேண்டும். புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும். காப்பியும் டீயும் குழந்தைக்குக் கிடையவே கிடையாது.

"கெடையவே கெடையாதுங்களா?" என்றார் மனுவேல்.

"கெடையவே கெடையாது."

காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் ஒரு குழந்தைக்குக் காப்பி கிடையாது என்பது சாதாரணச் செய்தி அல்ல. வீட்டில் அடுப்பில் கொட்டை வறுபட்டால் தெருவுக்கே மணக்கும். ஃபெபி தரையில் விழுந்து புரண்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "காப்பித்தண்ணிகூடக் குடுக்காம புள்ளய இப்படிப் பண்றீங்களே, என்ன கோவமுங்க அது மேல?" என்றாள். மனுவேல் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தானும் குடிக்க மாட்டேன் என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அதன் பலனாக அவருக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. கண்ணில் படுகிறவரை எல்லாம் கடித்தார். எஸ்டேட்டில் பத்து மணிக்கு எல்லாரும் காப்பித் தூக்கைத் திறக்கும்போது அவர் மட்டும் மரத்தின் மேலேயே இருந்தார். மனுவேலுக்கு வேலையில் திடீர் அக்கறை வந்துவிட்டது என்று அங்கப்பன் நினைத்துக்கொண்டார். பிந்தி வந்ததை மன்னித்தும்விட்டார்.

எஸ்டேட்டில் காப்பிக்கு நடுவே அங்கங்கே ஆரஞ்சு மரங்கள் உண்டு. சந்தையில் யாரும் சீந்தாத புளிப்பு ஜாதி. வேலை முடிந்து வரும்போது உதிர்ந்த பழங்களை மனுவேல் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார். ஃபெபி மூக்கைப் பிடித்துக்கொண்டு டானிக்கை விழுங்குவாள், உடனே ஒரு மடக்கு ஆரஞ்சுச் சாறு. முகம் எட்டுக் கோணலாகும். அந்தக் கோணலை அவர் எதிரே உட்கார்ந்து தானும் செய்வார். யாருடைய கோணல் பெரிது என்று ஜெயமேரி தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே ஒரு வேலை பாக்கி இருந்தது. அவர் பேச்சைக் கேட்டு மலையில் எத்தனை வீட்டில் டானிக் காப்பியில் கரைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் மரத்தடி நீதிபதி ஒரு தீர்ப்பைத் திருத்தினால் மிச்சத் தீர்ப்பெல்லாம் அப்பீலுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கூடை ஆரஞ்சைக் கறித்தட்டுப் பக்கத்தில் வைத்தார். சுவரொட்டி மறுபடியும் கடைக்கு வந்திருந்தது. முதல் ஆளாகப் பழனியம்மாள் நின்றாள்.

"இந்தாங்க சுவரொட்டி. கூட நாலு ஆரஞ்சு. பையனுக்கு டானிக்கு குடுத்தா இதுல குடுங்க. காப்பி கண்ணுலயே காட்டக் கூடாது."

"போன மாசம் காப்பியில ஊத்துன்னு சொன்ன வாயிதானுங்க இது?"

"அது போன மாசத்து வாயிங்க."

"அப்ப அடுத்த மாசத்து வாயி என்ன சொல்லுமுங்க?"

"அத அடுத்த மாசம் வந்து கேளுங்க. காப்பிய நிறுத்தாதவங்களுக்கு இனிமே சுவரொட்டி கெடையாது, அவ்வளவுதான்."

வரிசையில் சலசலப்பு. மனுவேல் எங்கேயோ ஆரஞ்சுத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்று ஒரு கட்சி. டீத்தூள் கம்பெனிக்காரன் கையில் விழுந்துவிட்டார் என்று ஒரு கட்சி; டீயும் கூடாது என்றதும் அது கலைந்தது. "இலவசமா ஒரு எலும்புகூடப் போடாத மனுசன் பழம் குடுக்கறாருன்னா என்னமோ இருக்குது" என்று பழனியம்மாளே சொல்லிக்கொண்டு போனாள். சொன்னாலும் பழத்தை விடவில்லை, அன்றைக்கே பையனின் டம்ளரையும் எடுத்து ஒளித்து வைத்தாள். சந்தேகம் இருந்தால்தான் நம்முடைய ஆட்கள் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்வார்கள்.

மார்கழிப் பனி இறங்கி, காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு மனுவேல் மகளை எழுப்பப் போனார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நெற்றியில் கை வைத்தார். சுட்டது.

அடுத்த காய்ச்சல் வந்தேவிட்டது.

ஜெயமேரி ஓடி வந்து பார்த்தாள். கம்பளியை எடுத்து நீட்டினாள். மனுவேல் சட்டைக்கு மேலே கம்பளியைச் சுற்றி, அதற்குள் ஃபெபியை வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பனியில் ரோடே தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தன் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மகளின் கண்ணுக்குக் கீழே வைத்து, ஆட்டுக்குச் செய்வதை விட நூறு பங்கு மெதுவாக இமையை இழுத்தார். அந்த வெளிச்சத்தில் வெள்ளையா சிவப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆயுசில் முதல் தடவையாக அந்தக் கண்ணால் விலை சொல்ல முடியவில்லை.

"என்னப்பா பாக்கறீங்க?" என்றாள் ஃபெபி.

"தூசி, சாமி."

ஆஸ்பத்திரியில் டாக்டர் புவனா குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். முதுகுப் பக்கம் கேட்டார். சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார். மனுவேல் தன் மூச்சை நிறுத்தி வைத்திருந்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். போன தடவ மாதிரி மூச்சு வாங்கல. ஊட்டுக்கே கூட்டிட்டுப் போலாம்." டாக்டரின் வாயிலும் ஊடு வந்துவிட்டது. மலைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதல்லவா.

"சேலத்துக்கு…"

"எதுக்கு? வேண்டாம்."

மனுவேல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் ரத்தம் எடுக்கும் தட்டோடு வந்தார். மனுவேல் குறுக்கே கை நீட்டினார்.

"இன்னிக்கு எடுத்தா நம்பரு கொறச்சுக் காட்டுமுங்களே? நாயி வாசல்லயே நிக்குது."

நர்சுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் சிரித்துவிட்டு, காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் போகட்டும், அதுவரை டானிக்கையும் நிறுத்தி வையுங்கள் என்று அனுப்பினார். நான்காம் நாள் ஃபெபி எழுந்து விளையாடினாள். பிறகு போய் எடுத்தபோது நம்பர் பத்து புள்ளி ஆறு. இன்னும் ஏற வேண்டும், இன்னும் மூன்று மாதம் டானிக் உண்டு என்று டாக்டர் சொன்னார். மனுவேல் அதற்கெல்லாம் தலையாட்டினாரே தவிர, காதில் பத்து புள்ளி ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது ஒரு கடையில் காப்பி மணத்தது. அவருக்குக் கால் நின்றது. ஜெயமேரி முறைத்தாள்.

"எனக்கில்லீங்களே அந்தச் சட்டம். நா வளந்த ஆளு."

"ஏனுங்க, புள்ள பாத்துட்டிருக்குதுங்க."

புள்ள பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மனுவேல் எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்தார். குளிரில் பல் கிட்டியது.

அடுத்த ஞாயிறு சுவரொட்டி அங்கப்பனுக்குப் போனது. அவர் ஆரஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார்; எதற்கு என்று கேட்கவில்லை. ஃபெபிக்கு ஜெயமேரி தொடைக்கறியைப் பொடியாக நறுக்கி, முருங்கைக்கீரையோடு வதக்கி, எதிரே உட்கார்ந்து கடைசி வாய் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் டாமி தட்டு காலியாகும் வரை காத்திருந்தது. ஒன்றும் விழவில்லை. அதற்கு இப்போது மினுமினுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.